விடைக்கு முன்னால் ஒரு கணிப்பு: மின்சுற்றுப் பாடத்தை மாற்றி அமைப்பது எப்படி?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 38 பிள்ளைகள், 45 நிமிடப் பாடவேளை. பிள்ளைகளின் உயர்நிலைச் சிந்தனையைத் தூண்டும்படி பாடம் நடத்துங்கள் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்கிறார்கள். குழுவாக உட்கார வைத்துப் பார்த்தேன். சத்தம் கூடியதுதான் மிச்சம். குழுவுக்கு ஒருவர் செய்கிறார், மற்றவர்கள் பார்த்து எழுதுகிறார்கள். ‘ஏன்’, ‘எப்படி’ என்று கேட்டாலும் புத்தக வரியையே ஒப்பிக்கிறார்கள். பாடத்தையும் முடிக்க முடியவில்லை. அடுத்து மின்னியல் பாடம் வருகிறது. அதை எப்படி அமைக்கலாம்?

பதில்: அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி, ‘ஏன் என்று கேட்டாலும் புத்தக வரியையே ஒப்பிக்கிறார்கள்’ என்பதுதான். பிள்ளைகள் அப்படிச் செய்வதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. விடை ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. பாடத்தை வாசித்தாயிற்று, நீங்கள் விளக்கியும் விட்டீர்கள், அதற்குப் பிறகுதான் கேள்வி வருகிறது. அந்த நேரத்தில் ‘ஏன்’ என்று கேட்டாலும் அது நினைவாற்றல் கேள்விதான்.

பயிற்சிகளில், சிந்தனையின் படிகளை அடுக்கிக் காட்டும் அமெரிக்கக் கல்வியாளர் புளூமின் வகைப்பாட்டைப் பட்டியலாகக் கொடுத்திருப்பார்கள். 1956-ல் வந்தது, 2001-ல் திருத்தப்பட்டது. நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் என்று ஆறு படிகள், ஒவ்வொரு படிக்கும் சில வினைச்சொற்கள். அந்த வினைச்சொல் பட்டியலை நம்பிக் கேள்வி தயாரிப்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ‘வேறுபடுத்துக’ என்பது பகுத்தாயும் சொல்லாகத் தெரியும். ஆனால் தொடர் இணைப்புக்கும் (பல்புகள் ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக) பக்க இணைப்புக்கும் (ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை) உள்ள வேறுபாடு கைடில் அட்டவணையாக இருந்தால், பிள்ளை செய்வது மனப்பாடம் மட்டுமே. ‘டார்ச் எரியவில்லை, முதலில் எதைப் பார்ப்பாய்?’ என்பது சாதாரணக் கேள்விபோல் இருக்கும். இதுவரை யாரும் விடை சொல்லித் தராத பிள்ளைக்கு அது பகுத்தாய்வு. கேள்வியின் தரத்தை, பிள்ளை அதற்கு முன்பு எதைப் பார்த்திருக்கிறது என்பது தீர்மானிக்கிறது.

ஆகவே நீங்கள் மாற்ற வேண்டியது பாடத்தின் வரிசையை. ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஒரு முடிவெடுத்து, அதைத் தன் நோட்டில் பேனாவால் எழுதிய பிறகே செய்து பார்க்க வேண்டும். பாட விளக்கம் அதற்கும் பின்னால். இந்த ஒன்று நடந்தால் குழு வேலையில் நீங்கள் சொன்ன சிக்கல்களில் பாதி தானாகக் குறையும். கணிப்பு எழுதிவிட்ட பிள்ளைக்கு, தான் சொன்னது நடக்கிறதா என்று பார்க்கும் ஆவல் வந்துவிடும்.

மின்னியல் பாடத்தின் முதல் இரண்டு பாடவேளைகளை அப்படி அமைத்துப் பார்ப்போம்.

முதலில் பொருள்கள். மூன்று பேருக்கு ஒரு குழு என்றால் உங்கள் வகுப்பில் 12 குழுக்கள், கடைசியில் இரண்டு பேர் கொண்ட குழு ஒன்று. ஆக, 13. குழுவுக்கு ஒரு 1.5 வோல்ட் செல், இழை உள்ள டார்ச் பல்பு ஒன்று, 20 செ.மீ. நீளக் கம்பி ஒன்று. இவ்வளவுதான். பல்பைப் பொருத்தும் ஹோல்டரோ செல்லை வைக்கும் பெட்டியோ முதல் நாள் வேண்டாம். ஹோல்டரில் பல்பைச் சொருகிக் கொடுத்தால், பல்புக்கு இரண்டு தொடுமுனைகள் உண்டு என்ற, இந்தப் பாடத்தின் உயிர்நாடியான செய்தியை ஹோல்டரே மறைத்துவிடும்.

பல்பு 2.5 வோல்ட் என்று குறித்ததாக இருக்கட்டும். ஒரு செல்லில் மங்கலான ஆரஞ்சு நிறத்தில் எரியும், அது போதும். வெயில் விழும் சன்னலோரத்தில் உட்கார்ந்த குழு ‘எரியவே இல்லை சார்’ என்று சொல்லும். பெஞ்சுக்கு அடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 6 வோல்ட் பல்பை வாங்கிவிட்டால் வகுப்பே படுத்துவிடும். எல்.இ.டி.யும் இந்தப் பாடத்துக்கு ஆகாது. வெள்ளை எல்.இ.டி. 1.5 வோல்ட்டில் எரியாது, முனை மாற்றி இணைத்தாலும் எரியாது. சரியாக இணைத்த பிள்ளைகூடத் தான் தவறு செய்ததாக நினைத்துவிடும்.

கம்பி ஒற்றை இழையாக இருந்தால் நல்லது. பல இழைக் கம்பி பிரிந்து பிரிந்து போகும். இரு முனைகளிலும் 2 செ.மீ. உறையை முந்தைய நாளே உரித்துவிடுங்கள். வகுப்பில் உரிக்கச் சொன்னால் பல்லால் கடிப்பார்கள். மோட்டார் சுற்றும் எனாமல் பூசிய கம்பி கிடைத்தால் முனைகளை உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும். பூச்சு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மின்சாரத்தைத் தடுத்துவிடும். பல்பில் இரண்டை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிள்ளையாவது கம்பியின் இரு முனைகளையும் செல்லின் இரு முனைகளில் நேராக வைத்தே தீரும். கம்பி சூடாகும். ‘சூடு தெரிந்த உடனே விட்டுவிடு’ என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அதற்காகவே விலை குறைந்த சாதாரணத் துத்தநாக–கார்பன் செல்லே மேல். ஆல்கலைன் செல் இந்த நிலையில் அதிக மின்னோட்டத்தைக் கொடுத்து வேகமாகச் சூடேறும். செல்போன் பேட்டரியை வகுப்புக்குள் விடவே வேண்டாம். சுவரில் உள்ள பிளக்கில் இதை ஒருபோதும் செய்து பார்க்கக் கூடாது என்பதைக் கரும்பலகையில் எழுதியே வையுங்கள்.

இப்போது பாடவேளை. புத்தகம் மூடியே இருக்கட்டும். கரும்பலகையில் நான்கு படங்களை வரையுங்கள். நான்கிலும் ஒரு செல், ஒரு பல்பு. ‘அ’ படத்தில் பல்பின் அடிமுனை செல்லின் நேர்முனை மீது உட்கார்ந்திருக்கிறது, கம்பியே இல்லை. ‘ஆ’ படத்தில் அதே அமைப்போடு, செல்லின் எதிர்முனையிலிருந்து வரும் கம்பி பல்பின் கண்ணாடியைத் தொடுகிறது. ‘இ’ படத்தில் அந்தக் கம்பி பல்பின் பக்கவாட்டு உலோகத்தைத் தொடுகிறது. ‘ஈ’ படத்தில் பல்பு படுத்திருக்கிறது: பக்கவாட்டு உலோகம் செல்லின் நேர்முனையில், எதிர்முனைக் கம்பி பல்பின் அடிமுனையில்.

எரிவது ‘இ’, ‘ஈ’ இரண்டும். சரியான விடை ஒன்றுதான் இருக்கும் என்ற தேர்வுப் பழக்கத்தை உடைக்கத்தான் இரண்டு.

முதல் 5 நிமிடம் முழு அமைதி. ஒவ்வொருவரும் நோட்டில் நான்கு எழுத்துகளையும் எழுதி, எரியும் அல்லது எரியாது என்று குறித்து, ஏதாவது ஒன்றுக்கு ஒரு வரிக் காரணம் எழுத வேண்டும். அழிப்பான் கிடையாது. இதற்கு மதிப்பெண்ணும் கிடையாது, சிவப்பு மையும் கிடையாது. இதில் நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும். தவறான கணிப்புக்கு ஒருமுறை பெருக்கல் குறி போட்டுவிட்டால், அடுத்த முறை வகுப்பு முழுவதும் முதல் பெஞ்சைப் பார்த்து எழுதும்.

பிறகு கையெழுப்பு. ‘அ எரியுமா?’ என்று கேட்டு, மூன்று எண்ணும் நேரம் கொடுத்து, எல்லோரும் ஒரே சமயத்தில் நெஞ்சுக்கு நேராகக் கையைக் காட்டச் சொல்லுங்கள். விரித்த கை என்றால் எரியும், மூடிய கை என்றால் எரியாது. கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால் பக்கத்தில் பார்த்துத் தூக்குவார்கள். எண்ணிக்கையைப் படத்தின் கீழே எழுதுங்கள். முகத்தில் விடை தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘அப்படியா, யோசிச்சுச் சொல்லு’ என்று ஒரு பிள்ளையிடம் மட்டும் கேட்டாலே விடை கசிந்துவிடும்.

எண்ணிக்கையைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யுங்கள். ஒரு படத்துக்குச் சரியாகச் சொன்னவர்கள் 12 முதல் 28 பேர் வரை இருந்தால், மாறுபட்ட விடை சொன்ன ஒருவரைப் பக்கத்தில் தேடி 3 நிமிடம் பேசச் சொல்லிவிட்டு மறுபடி கை காட்டச் சொல்லுங்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் தம் மாணவர்களிடம் கையாண்ட முறை இதுதான். ஒருவருக்கொருவர் காரணம் சொல்ல வேண்டி வரும்போது சரியான பக்கம் பெரும்பாலும் கூடும். 12-க்கும் குறைவு என்றால் பேச்சால் பயனில்லை, நேராகச் செய்து பார்க்கலாம். 28-க்கு மேல் என்றால் அந்தப் படத்தில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

செய்து பார்க்க 12 நிமிடம். பணியைப் பலகையில் ஒரே வரியாக எழுதுங்கள்: ‘பல்பு எரியும் எல்லா வழிகளையும் கண்டுபிடித்து வரைக.’ ஒரு செல், ஒரு பல்பு, ஒரு கம்பியைக் கொண்டு நான்கு வழிகள் உண்டு. பல்பின் அடிமுனையோ பக்கவாட்டு உலோகமோ, இரண்டில் ஒன்று நேர்முனையில் அமரலாம், அல்லது எதிர்முனையில் அமரலாம். முதல் வழியை 2 நிமிடத்தில் கண்டுபிடித்து ‘முடிச்சிட்டேன்’ என்று வரும் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் இதில் வேலை இருக்கிறது. ‘நான்குதான், ஐந்தாவது இருக்க முடியாது என்று எப்படிச் சொல்வாய்?’ என்று அவனிடம் கேளுங்கள்.

ஏன் மூன்று பேர்? செல்லையும் பல்பையும் கம்பியின் இரு முனைகளையும் பிடிக்க ஒருவரின் இரண்டு கைகள் திண்டாடும். இரண்டு பேர் பிடிக்க, மூன்றாமவர் வரைகிறார். ஒவ்வொரு 4 நிமிடத்துக்கும் ஆள் மாற வேண்டும். 12 நிமிடத்தில் மூவரும் வரைந்திருப்பார்கள். ஒருவரே செய்து மற்றவர் பார்ப்பது, வேலை ஒருவருக்கே போதுமானதாக இருக்கும்போதுதான் நடக்கிறது. நாற்பது பேரை ஆறு ஆறாகப் பிரித்து ஒரு சார்ட் அட்டையைக் கொடுத்தால் நான்கு பேர் வேடிக்கை பார்க்காமல் என்ன செய்வார்கள்? குழுவின் அளவை வேலை கேட்கும் கைகளை வைத்து முடிவு செய்யுங்கள். பெஞ்சுகளை நகர்த்தவும் வேண்டாம். மூன்று பேர் ஒரே பெஞ்சில் இருந்தாலே போதும்.

சத்தத்தைப் பற்றி ஒன்று. பேச்சுச் சத்தம் இருக்கும், இருக்க வேண்டும். ஆரம்பித்து 2 நிமிடத்துக்குள் ஏறினால், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று பொருள். அப்போது நீங்களும் குரலை உயர்த்த வேண்டாம், பலகையில் உள்ள வரியைக் காட்டுங்கள். 10 நிமிடத்துக்குப் பின் ஏறினால் வேலை முடிந்துவிட்டது, நிறுத்திவிடலாம்.

நீங்கள் குழுக்களிடையே நடக்கும்போது ஒரு காட்சியைப் பார்ப்பீர்கள். பிள்ளை கம்பியைப் பல்பின் அடிமுனையில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைச் செல்லின் மேல்முனையில் அழுத்தி அழுத்திப் பார்க்கும். எரியாது. செல் தீர்ந்துவிட்டது என்று சொல்லும். அதன் மனத்தில் மின்சாரம், குழாயில் வரும் தண்ணீர்போல ஒரு வழியாக வந்து பல்பில் கொட்டுகிறது. வீட்டில் மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் ஒற்றை ஒயர்தானே போகிறது, அதற்குள் இரண்டு கம்பிகள் இருப்பதை யார் பார்த்தார்கள்? இந்த இடத்தில் கையை நீட்டிக் கம்பியைச் சரிசெய்துவிடத் தோன்றும். செய்யாதீர்கள். ‘பல்புக்குள் அந்த மெல்லிய இழைக்கு எத்தனை முனை? ஒவ்வொன்றும் எங்கே போய் முடிகிறது என்று நினைக்கிறாய்?’ என்று கேட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிடுங்கள். அங்கேயே நின்றால் பிள்ளை உங்கள் முகத்தைத்தான் படிக்கும்.

அடுத்த 10 நிமிடம் உங்களுடையது. இப்போது நீங்கள் விளக்க வேண்டும், தயங்காமல் விளக்குங்கள். பல்பைப் பெரிதாக வரைந்து, இழையின் ஒரு முனை அடிமுனைக்கும் மறுமுனை பக்கவாட்டு உலோகத்துக்கும் போவதைக் காட்டுங்கள். இடையில் மின்சாரம் கடத்தாத பொருள் இருப்பதையும் காட்டுங்கள். மூடிய மின்சுற்று, திறந்த மின்சுற்று என்ற பெயர்களையும் அப்போது கொடுங்கள். எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைப்பது வீண் சுமை. மின்கலனின் குறியீட்டில் நீளக் கோடு நேர்முனை என்பது ஒரு மரபு. அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது, சொல்லித்தான் தர வேண்டும். குறியீடுகளுக்குச் செயல்பாடு தேடி மெனக்கெடாமல் நேராகக் கற்பித்துப் பயிற்சி கொடுங்கள்.

பிறகு நோட்டில் கணிப்பின் கீழே ‘பார்த்த பின்’ என்று எழுதி, தம் கருத்து எங்கே மாறியது என்று இரண்டு வரி. கடைசி 5 நிமிடத்தில் ஒரு துண்டுச் சீட்டு: ‘டார்ச் எரியவில்லை. சோதிக்க வேண்டிய மூன்று இடங்களை வரிசைப்படி எழுது. முதலாவது ஏன் முதலில்?’ பெயர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பாடவேளையில் தொடர் இணைப்பு. இங்கே இரண்டு செல், இரண்டு பல்பு, நான்கைந்து கம்பிகள் வேண்டும். ஒரே செல்லில் இரண்டு 2.5 வோல்ட் பல்புகளைத் தொடராக இணைத்தால் ஒளி கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். கணிப்புக் கேள்வி: ‘நேர்முனைக்குப் பக்கத்தில் முதல் பல்பு, அதைத் தாண்டி இரண்டாம் பல்பு. எது அதிகம் ஒளிரும்?’ முதல் பல்பு மின்சாரத்தைக் கொஞ்சம் ‘சாப்பிட்டுவிடும்’, மிச்சம்தான் அடுத்ததற்கு என்று பலர் சொல்வார்கள். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இனி நடப்பதை ஆசிரியர்கள் விபத்தாக நினைத்து மறைக்கப் பார்ப்பார்கள். ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய பல்புகளும் இம்மி பிசகாமல் ஒன்றுபோல் இருப்பதில்லை. சில குழுக்களில் முதல் பல்பு கொஞ்சம் கூடுதலாக எரியும். ‘பார்த்தீங்களா சார், நான் சொன்னது சரி!’ என்பார்கள். பக்கத்துக் குழுவில் இரண்டாவது கூடுதலாக எரியும். புத்தகம் சமம் என்கிறது. ‘கருவி சரியில்லை, விடை சமம் என்று எழுதிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டால் அந்தப் பாடவேளையின் மிகச் சிறந்த கணத்தை நாமே கெடுத்துவிட்டோம்.

அதற்குப் பதில் கேளுங்கள்: ‘வித்தியாசத்துக்குக் காரணம் பல்பா, அது இருக்கும் இடமா? எப்படிக் கண்டுபிடிப்பாய்?’ கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் பதிவு செய்தார். மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்தால் விடைகள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். இந்தக் கேள்விக்கு நான் பத்து நொடி கொடுப்பேன். யாராவது ஒருவர் ‘ரெண்டையும் மாத்தி மாட்டிப் பார்க்கலாம்’ என்பார். மாற்றினால், கூடுதலாக எரிந்த பல்பு இடம் மாறிய பிறகும் கூடுதலாகவே எரியும். அப்படியானால் காரணம் இடமில்லை, பல்புதான். மற்றதெல்லாம் அப்படியே இருக்க ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற அறிவியலின் அடிப்படை வழியை ஒரு பதினொரு வயதுப் பிள்ளை தானே யோசித்துச் செய்துவிட்டது. பயிற்சியில் உங்களிடம் கேட்கப்படும் உயர்நிலைச் சிந்தனை இதுதான்.

பாடம் முடிக்கும் கவலைக்கு வருகிறேன். எல்லாப் பாடவேளையையும் இப்படி நடத்த முடியாது, தேவையும் இல்லை. ஒரு பாடத்துக்கு எட்டுப் பாடவேளை என்றால் இரண்டை மட்டும் இப்படி அமையுங்கள். பிள்ளைகளின் அன்றாட அனுபவமும் அறிவியலும் மோதும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள். நேரம் எங்கிருந்து வரும் என்றால், வினா–விடையைப் பலகையில் எழுதிப்போட்டு நோட்டில் பார்த்து எழுத வைக்கும் வேலையிலிருந்து. அதை ஒரு வாரம் கணக்கெடுத்துப் பாருங்கள், எவ்வளவு நேரம் போகிறது என்று தெரியும். 6 முதல் 8 வகுப்பு வரை தமிழ்நாட்டில் படைப்பாற்றல் கல்வி என்ற கற்பித்தல் முறை நடந்தபோது மன வரைபடம் ஒரு நல்ல கருவியாகத்தான் வந்தது. பலகையிலிருந்து பார்த்து எழுதிய மன வரைபடம் எல்லா நோட்டிலும் ஒன்றுபோலவே இருக்கும், அதுவும் இன்னொரு வினா–விடைதான்.

தலைமையாசிரியரோ பெற்றோரோ ‘நோட்டில் தப்பு தப்பாக இருக்கிறதே, திருத்தவில்லையா?’ என்று கேட்கலாம். கணிப்புப் பக்கத்தின் மேல் ‘என் கணிப்பு’ என்று தலைப்பு இருந்தால், கீழே ‘பார்த்த பின்’ இருப்பதைக் காட்டி விளக்குவது எளிது. பிள்ளைகளே முதல் சில வாரம் ‘நீங்களே நடத்துங்க சார், அதுதான் புரியுது’ என்று சொல்வார்கள். மனம் தளர வேண்டாம். 2019-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்றிலும் இதையே கண்டார்கள். செய்து கற்ற இயற்பியல் மாணவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள், ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். நன்றாக விளக்கும் ஆசிரியரைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும், தானே முட்டி மோதும்போது அப்படி இருக்காது.

தேர்விலும் இதற்கு இடம் கொடுத்தால்தான் பிள்ளைகள் நம்புவார்கள். பாடம் நடக்கும்போதே வைக்கும் வளரறி மதிப்பீட்டில் 20 மதிப்பெண் தேர்வு ஒன்றில் 4 மதிப்பெண்ணுக்கு வகுப்பில் வரையாத புதிய படம் ஒன்றைக் கொடுத்து, எரியுமா என்று கேளுங்கள். எரியும், எரியாது என்ற சொல்லுக்கு மதிப்பெண் வேண்டாம், அது பூவா தலையா. மின்சாரத்தின் பாதையை வரைந்திருந்தால் 1, பல்பின் இரு தொடுமுனைகளையும் குறித்திருந்தால் 1, பாதை எங்கே மூடுகிறது அல்லது அறுபடுகிறது என்று காரணம் சொன்னால் 2. எழுதத் திணறும் பிள்ளை படத்திலேயே அம்புக்குறி போட்டுப் பாதி மதிப்பெண்ணை எடுத்துவிடும்.

கணக்கும் எடுக்கிறீர்களானால் இதே வரிசை அங்கும் செல்லும். ‘நீளம் 4, அகலம் 2, சுற்றளவு காண்க’ என்பதைத் திருப்பி, ‘சுற்றளவு 12 செ.மீ., பக்கங்கள் முழு எண்கள். எத்தனை செவ்வகம் வரையலாம்? எதன் பரப்பு பெரியது? முதலில் கணித்து எழுது’ என்று கேளுங்கள். 5-க்கு 1, 4-க்கு 2, 3-க்கு 3 என்று மூன்று வரும், பரப்பு 5, 8, 9. சதுரமும் செவ்வகமா என்ற சண்டை தானாகக் கிளம்பும், கிளம்பட்டும்.

முதல் பாடவேளையில் வாங்கிய துண்டுச் சீட்டுகளை அன்று மாலை மூன்று குவியலாகப் பிரியுங்கள். செல், பல்பு, தொடுமிடம் என்று எழுதிக் காரணமும் சொன்னவை ஒன்று. இடங்களை மட்டும் எழுதியவை ஒன்று. ‘புது டார்ச் வாங்கணும்’ வகை ஒன்று. திருத்த வேண்டாம், எண்ணினால் போதும், பத்து நிமிடம் ஆகும். மூன்றாம் குவியல் 10-க்கு மேல் இருந்தால் இரண்டாம் பாடவேளையின் முதல் 8 நிமிடத்தில் ஓர் உண்மையான டார்ச்சைப் பிரித்துக் காட்டி, மூடிய பாதை எங்கெல்லாம் போகிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இடையில் இழை அறுந்துபோன பல்புகளைத் தூக்கி எறியாதீர்கள், ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். மூன்றாம் பாடவேளையில் நல்ல பல்புகளோடு அவற்றைக் கலந்து கொடுத்து, ‘இணைப்பு சரி, ஆனாலும் எரியவில்லை, குறை எங்கே என்று மூன்று சோதனைக்குள் கண்டுபிடி’ என்று கேட்க அவை வேண்டும்.